குழந்தைக்குப் பாஸ்போர்ட்: டிக்கெட்டுக்கு முன் பிறப்புச் சான்றிதழ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள் முழுப்பரீட்சை லீவுக்கு மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று கிளம்புவது இப்போது சகஜம். அப்பா வேலைக்காக எடுத்த பாஸ்போர்ட் வீட்டில் இருக்கும், பிள்ளைக்கு இருக்காது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் குழந்தையின் பெயரைச் சேர்க்கும் பழைய வழக்கம் இப்போது இல்லை. கைக்குழந்தைக்கும் தனிப் புத்தகம்தான். விமான டிக்கெட்டை அவசரப்பட்டு எடுத்துவிடாமல், காகிதங்களை முதலில் சரிபாருங்கள்.

1. பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாக இது ஒன்றைத்தான் ஏற்பார்கள். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். நீங்கள் கவரைப்பேட்டையில் குடியிருந்தாலும், தலைப்பிரசவம் தாய்வீட்டில் திண்டிவனத்தில் என்றால் சான்றிதழும் அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான். அண்மைக்காலப் பதிவுகளைத் தமிழக அரசின் சிஆர்எஸ்டிஎன் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பெயர் வைக்காமல் பதிந்து, அப்படியே பீரோவில் வைத்துவிட்ட வீடுகள் ஏராளம். பதிவான அலுவலகத்தில் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணம் உண்டு.

2. நம் ஊர்க்காரர்களை அதிகம் அலைக்கழிப்பது இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. அதை விரித்து எழுத வேண்டும். பள்ளியில் 'மு. கவின்' என்றால் விண்ணப்பத்தில் பெயர் கவின், சர்நேம் முருகேசன். சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று அறிவித்தது. உள்ளே தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினாலும், அந்தக் கலக்கம் உங்களுக்கு எதற்கு? பெற்றோர் பெயர்களை அவரவர் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். 'லட்சுமி'யை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் கேஎஸ் போட்டும் இன்னோரிடத்தில் எக்ஸ் போட்டும் எழுதியிருந்தால், கவுன்ட்டரில் கேள்வி வரும். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். விண்ணப்பம் அதற்குப் பிறகுதான்.

3. பெற்றோர் பாஸ்போர்ட்டில் கணவன், மனைவி பெயர் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்து, இரண்டும் நடப்பில் இருந்தால் வேலை எளிது. போலீஸ் விசாரணை இல்லாமலே முடிவதும் உண்டு.

4. வாடகை வீட்டுக்காரர்களுக்கு: பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திட்ட பதினொரு மாத ஒப்பந்தம் மட்டும் போதாது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் வேண்டும். அது இல்லாவிட்டால் போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக்கில் இப்போதைய முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். வசதி என்று சொந்த ஊர் முகவரியை எழுதிவிட்டால், விசாரணையும் ஸ்பீடு போஸ்ட் கவரும் அங்கே போய்விடும்.

5. அப்பாவுக்கு ஷிஃப்ட், லீவு கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு போனால் போதும். 'அனெக்ஷர் டி' உறுதிமொழியில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இருவரின் ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். உறுதிமொழிக்கு வெள்ளைத் தாள் போதும். 2016 டிசம்பருக்குப் பிறகு நோட்டரி தேவையில்லை. ஒருவரின் சம்மதம் பெற முடியாத நிலையில், தனியாக வளர்க்கும் தாய்க்கோ தந்தைக்கோ 'அனெக்ஷர் சி' இருக்கிறது. அவர்கள் தயங்கி நிற்க வேண்டாம்.

6. சாதாரணக் கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் புது விண்ணப்பத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. 900 கட்டினால் போதும். தட்கலுக்கு 2,000 கூடுதல். இணையத்தில் போலித் தளங்கள் அசல் போலவே இருக்கும். முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சந்தேகம் என்றால் 1800-258-1800 இலவச எண்.

7. நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் போட்டோ நாம் கொண்டுபோக வேண்டும்: 4.5-க்கு 3.5 செ.மீ., வெள்ளைப் பின்னணி. ஸ்டுடியோவில் குழந்தை அழுதால், ஜன்னலோரமாகத் தரையில் கரையில்லாத வெள்ளைத் துணியைச் சுருக்கமின்றி விரித்துப் படுக்க வையுங்கள். குழந்தை மேலே பார்க்கும்போது, உங்கள் நிழல் முகத்தில் விழாமல் எடுங்கள். தாங்கும் கை, தலையணை, நிப்பிள் எதுவும் தெரியக் கூடாது. திருஷ்டிப் பொட்டைத் துடைத்துவிடுங்கள்.

8. திருவள்ளூர் மாவட்டம் சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவை மையங்களில் தேதி கிடைக்கும். தாம்பரம் என்றால் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயிலைப் பிடிக்கலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரவே ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணி அப்பாயின்ட்மென்ட் கைக்குழந்தைக்குக் கொடுமை. உள்ளே ஏ, பி, சி என்று மூன்று கவுன்ட்டர் தாண்ட வேண்டும். பால், மாற்றுத்துணி, ஒவ்வொரு ஒரிஜினலுக்கும் ஒரு செராக்ஸ் எடுத்துச் செல்லுங்கள்.

9. குழந்தை பாஸ்போர்ட் ஐந்து வருடம் அல்லது பதினெட்டு வயது வரை, எது முந்தியோ அதுவரை. பல நாடுகள் பயணத் தேதிக்கு மேல் ஆறு மாதம் மிச்சம் கேட்கின்றன. ஆக, நான்கரை வருடம் என்றே கணக்கு வையுங்கள். பதினைந்து முடிந்த பிள்ளைகள் பத்து வருடப் புத்தகமும் கேட்கலாம்.

10. சென்னை அலுவலகம் 2025 மார்ச் முதல் சிப் பதித்த இ-பாஸ்போர்ட் தருகிறது. மடிக்கவோ, பின் அடிக்கவோ கூடாது. கவரைப் பிரித்ததும் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் மூன்றையும் சரிபார்த்து, அந்தப் பக்கத்தை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துப்படியே டிக்கெட் போடுங்கள்.