பூட்டிய கோப்பு அழிந்தது எப்படி?

மாணவர்களே! தென்காசிப் பள்ளி ஒன்றின் கணிப்பொறி அறையில் லினக்ஸ் இயங்குகிறது எனக் கொள்வோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குற்றாலச் சாரல் காலம் முழுவதும் மழைமானி வைத்து நீங்கள் அளந்த கணக்கை ‘மழை’ என்னும் கோப்பில் எழுதி, எல்லோருக்கும் உரிய ‘பொது’ என்ற அடைவில் வைக்கிறீர்கள். பிறர் படிக்கலாம், திருத்தக் கூடாது. எனவே அதற்கு 644 என்று அனுமதி தருகிறீர்கள். ஒருநாள் கோப்பைக் காணோம்! படிக்க மட்டுமே அனுமதி பெற்ற மாணவன் ஒருவன் அதை அழித்துவிட்டான். இது எப்படி முடிந்தது?

முதலில் 644 என்றால் என்ன என்று பார்ப்போம். 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுக்கொண்டனர். ஆகவே, கோப்பின் உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர் என்று மூவகையினருக்கும் தனித்தனி அனுமதி தேவைப்பட்டது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளருக்கு 4+2=6; ஏனையோருக்கு 4. சென்னை சி-டாக் நிறுவனத்தாரின் பாஸ் லினக்ஸிலும் இதே முறைதான்.

இப்போது குற்றாலத்து விடுதி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்கூடத்துப் பதிவேட்டில் தங்கியிருப்போரின் பெயரும் அறை எண்ணும் இருக்கும். அடைவும் அத்தகைய பதிவேடே: கோப்பின் பெயர், அதற்கு நேரே ஓர் எண், அவ்வளவுதான். அடைவைப் ‘படிப்பது’ என்றால் பெயர்களைப் பார்ப்பது. ‘இயக்குவது’ என்றால் அதன் வழியே உள்ளே செல்வது. ‘எழுதுவது’ என்றால் பெயரைச் சேர்ப்பது அல்லது அடிப்பது.

புதிர் அவிழ்ந்துவிட்டதல்லவா? அம்மாணவன் உங்கள் அறைப் பூட்டைத் தொடவே இல்லை. பதிவேட்டில் உங்கள் பெயரை அடித்துவிட்டான்! கோப்புக்கு வேறு பெயர் எதுவும் இல்லாவிட்டால், அது இருந்த இடத்தைக் கணிப்பொறி காலியிடமாகக் கொண்டுவிடும். குற்றம் 644-இல் இல்லை. ‘பொது’ அடைவுக்கு யாரோ தந்த 777-இல்தான். வேலை நடக்கவில்லை என்றால் உடனே 777 போடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது, கெட்ட வழக்கம்.

755 என மாற்றினால் அழிப்பு நிற்கும். ஆனால் மற்ற மாணவர் தம் கோப்புகளை அங்கே வைக்க முடியாது. அதற்காகவே முன்னால் ஒரு 1 சேர்த்து 1777 என்பார்கள். அப்போது யாரும் கோப்பு வைக்கலாம். ஆனால் அதை அழிக்கக் கோப்பின் உரிமையாளர், அடைவின் உரிமையாளர், ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனர் ஆகியோரால் மட்டுமே முடியும். லினக்ஸில் தற்காலிகக் கோப்புகளுக்கான ‘டிஎம்பி’ அடைவு இப்படித்தான் காக்கப்படுகிறது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். சாதாரணப் பயனராக நுழைந்து, புதிய அடைவு ஒன்றில் ஒரு கோப்பை உருவாக்கி, கோப்புக்கு 666, அடைவுக்கு 500 எனச் ‘சிஎச்மாட்’ கட்டளையால் அனுமதி தாருங்கள். கோப்பில் எழுதியதையெல்லாம் துடைத்துவிட உங்களால் முடியும். கோப்பை அழிக்க மட்டும் முடியாது.