பிச்சாவரத்திலிருந்து திரும்பும் நாளில்

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்து அலையாத்திக் காட்டிலே மாணவர்கள் இயற்கையை நேரில் கற்கும் யாத்திரையின் இறுதி நாளன்று, வீடு திரும்பும் குதூகலத்தில் ஆசிரியர்கள் மறந்துவிடலாகாத முதற்காரியம், தில்லை மரத்தைத் தொட்ட கைகளைக் கண்ணருகே கொண்டுபோகுமுன் சோப்பிட்டுக் கழுவச் செய்வதாகும். ஏனெனில், சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் நாமத்தைத் தந்து தலவிருட்சமாகவும் விளங்கும் அம்மரத்தின் பால், தோலைக் கொப்புளிக்கச் செய்வதோடு பார்வையையே மறைக்கவும் வல்லது. கண்ணில் பட்டுவிட்டால், தேய்க்காமல், சுத்தமான நீரால் கால் மணி நேரமேனும் கழுவிவிட்டு, உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மரத்திலேயே முளைவிட்டுச் சேற்றில் விழுந்து வேரூன்றும் சுரபுன்னையின் நீண்ட முளைகளை ஞாபகார்த்தமாகப் பையிலிட வேண்டாம். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்துக் கரையோரக் கிராமங்களுக்கு அரணாக நின்ற வனம் அவற்றாலன்றோ தழைக்கிறது! உவர்நீர் பட்ட துணியையும் செருப்பையும் நன்னீரில் அலசித் தனியே கட்டுங்கள். கடலூருக்குப் பேருந்து புறப்படுமுன் பிள்ளைகளை இருமுறை எண்ணுங்கள்.