மேகத்துக்குக் கண் வரையாதே

அன்புள்ள தம்பி,

உன் மேகப் படப்புத்தகத்தின் மாதிரிப் பக்கங்கள் வந்தன. நீலத்தை நன்றாகவே பிடித்திருக்கிறாய். ஆனால் உன் யானை மேகத்துக்குக் கண், தந்தம், வாலில் முடி எல்லாம் முளைத்துவிட்டன. அதில் இனிக் குழந்தைக்கு என்ன வேலை?

சார்லஸ் ஷா என்ற அமெரிக்க ஓவியர் 1947இல் செய்த 'இட் லுக்டு லைக் ஸ்பில்ட் மில்க்' என்ற படப்புத்தகம் எங்காவது கிடைத்தால் விடாதே. அடர்நீலத் தாளில் பக்கத்துக்கு ஒரு வெள்ளை உருவம், அவ்வளவுதான். முயல், மரம், ஆந்தை என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். காட்டிய கையோடு அது அதுவல்ல என்று மறுத்தும் விடுகிறார். மேகம் என்ற விடையைக் கடைசியில்தான் அவிழ்க்கிறார். மனிதர் அரூப ஓவியர். எதை வரையாமல் விடலாம் என்று தெரிந்தவர். எரிக் கார்லின் 'லிட்டில் கிளவுட்' (1996) வேறு மாதிரி. அதில் மேகமே வேஷம் கட்டி ஆடுகிறது, குழந்தை உட்கார்ந்து ரசிக்கிறது. அழகான புத்தகம்தான். ஆனால் வானத்தைப் பார்க்கப் பழக்க வேண்டுமென்றால் ஷாவின் வழியே சரி.

இன்னொன்று, உன் மேகங்களுக்கு அடியிலும் வளைவு வளைவாக இருக்கிறது. வெயில் நாளில் மொட்டை மாடிக்குப் போய்த் திரள் மேகத்தின் அடியைப் பார். தட்டையாக, லேசான சாம்பல் பூத்திருக்கும். மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நீர்த்துளியாக மாறத் தொடங்குவதுதான் காரணம். அதனால் பக்கத்து மேகங்களின் அடியும் அதே மட்டத்தில் நிற்கும். மேல்பக்கம் மட்டும் காலிபிளவர் போலப் பொங்கும். கீற்று மேகமோ ஆறு கிலோமீட்டருக்கும் மேலே மிதக்கும் பனிப்படிகம். காற்று இழுத்த பக்கமெல்லாம் இழையும். அதில் யானையைத் தேடினால் கிடைக்காது, இறகு கிடைக்கும்.

ஒரே மேகத்தை நாலு பக்கத்துக்கு வரைந்து பார். முதலில் தும்பிக்கை அறுந்து போகட்டும், பிறகு முதுகு இரண்டாகட்டும். சொல்லே வேண்டாம். மேகம் கலைவதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும். பதிப்பாளர் படத்துக்குக் கீழே 'யானை' என்று அச்சடிக்கச் சொல்வார். குழந்தைக்குப் புரிய வேண்டுமே என்பார், எப்போதும் சொல்வதுதான். அந்த ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, அதற்கு முதுகு காட்டி நின்றே மேகம் பார்க்க வேண்டும் என்ற வரியைப் பின்னட்டையில் ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்