இன்டர்வியூ முடிந்த பிறகு

இருக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே, “முடிவு எப்போது தெரியும் சார், யாரிடம் விசாரிக்கலாம்?” என்று கேட்டுவிடுங்கள். பிறகு தவிக்க வேண்டியதில்லை. அன்று மாலையோ மறுநாளோ நன்றி சொல்லி ஒரு மெயில். நாலு வரி போதும்.

சொன்ன தேதி தாண்டினால் இரண்டு வேலை நாள் பொறுத்து, உங்களை அழைத்த அதே மெயிலுக்குப் பதிலாகவே கேளுங்கள்: ‘12ஆம் தேதி அக்கவுன்டன்ட் பணிக்கான நேர்காணலுக்கு வந்திருந்தேன். முடிவைத் தெரிவிக்க இயலுமா?’ கீழே உங்கள் பெயர். இவ்வளவுதான். ஹெச்.ஆர். ஒரே சமயத்தில் பல பணியிடங்களைப் பார்ப்பவர். பெயர், பணி, தேதி மூன்றும் இருந்தால் சட்டென்று தேடி எடுப்பார். அவராக வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் தவிர, அதில் துரத்த வேண்டாம்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை இருக்கிற வேலையை விடாதீர்கள். லெட்டர் தரப் பணம் கேட்டால், அது மோசடியேதான், மேற்கொண்டு பேசாதீர்கள்.