ஹீமோபீலியா உள்ளவரா? கடலோரத்துக்காரருக்குச் சில குறிப்புகள்

கோட்டைப்பட்டினத்தில், ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் ஊசி தெருமுனையில் கிடைக்காது. முன்னேற்பாடுதான் பாதி வைத்தியம்.

1. மூட்டுக்குள் குறுகுறுப்போ சூடோ தெரிந்ததுமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ‘வீங்கட்டும், பார்க்கலாம்’ என்று விட்டால் மூட்டு கெட்டுப்போகும். போகும்வரை, துணியில் சுற்றிய ஐஸை வைத்து, அந்தக் கையையோ காலையோ உயர்த்தி வையுங்கள். மீன் இறங்கும் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்?

2. தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். உள்ளே கசிவது வெளியே தெரியாது.

3. மெடிக்கலில் பொத்தாம்பொதுவாக ‘உடம்புவலி மாத்திரை’ கேட்காதீர்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மூன்றுமே ரத்தக்கசிவைக் கூட்டும், பாராசிட்டமால் கேளுங்கள். இடுப்பு ஊசியும் வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டும்.

4. பல் பிடுங்குமுன், ஹீமோபீலியா இருப்பதைப் பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஃபேக்டர் போட்டுக்கொண்டுதான் பிடுங்க வேண்டும்.

5. வகை ஏ-வா, பி-யா, குறைபாடு எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். படகில் நனையாது, அவசரத்தில் டாக்டருக்கு அது உதவும்.

6. கசிவு இல்லாத நாளில் நடங்கள், நீந்துங்கள். தசை பலமானால் மூட்டு தப்பும், மனசும் லேசாகும்.

7. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்படுமுன், ஃபேக்டர் இருப்பைப் போனில் கேளுங்கள். வீண் அலைச்சல் மிச்சம்.

8. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் ஹீமோபீலியாவும் உண்டு.