அறளையும் வைரசும்

முதுமையில் நினைவு தடுமாறியவரை "அறளை பெயர்ந்துவிட்டது" என்று கூறுதல் யாழ்ப்பாணத்து வழக்கு. அச்சொற்றொடரிலே சிறிது நகைப்பும் சிறிது சலிப்பும் கலந்திருக்கும். எமக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவரை அண்மையிற் காணச் சென்றோம். நன்னூற் சூத்திரங்களைத் தடையின்றிச் சொல்லிய அப்பெரியார், "தம்பி ஆர்?" என்று எம்மை மும்முறை வினவினார். விடைபெற்றபோது அவர் மகளார் படலை வரை வந்து, "மாஸ்ரர், உது ஏதோ வைரசாலை வாற வருத்தமாம் எண்டு கதைக்கினம். பிள்ளையளை ஐயாவோடை படுக்க விடலாமோ?" என்று கேட்டார். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. பின்னர் படித்தும் விஞ்ஞான ஆசிரியரை உசாவியும் அறிந்தவற்றை இம்மலரில் எழுதுகின்றோம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. மணிகள் இருபது வகையினவே. கோக்கும் ஒழுங்கினாற் புரதங்கள் பல்லாயிரமாகின்றன. கோத்த மாலை உரியவாறு மடிந்த பின்னரே தொழில் செய்யும். பனையோலை மடித்து இழைக்கப்பட்ட பின்னரன்றோ பெட்டியாகின்றது! மடிப்புப் பிழைத்த புரதத்தைக் கலம் பெரும்பாலும் தானே அழித்துவிடும். அழியாது எஞ்சியவை ஒன்றோடொன்று ஒட்டி, நார் நாராய்த் திரள்வதுண்டு. இத்திரளையே அமிலோயிட்டு என்பர். 1906 ஆம் ஆண்டில் அலோயிசு அல்சைமர் என்னும் ஜேர்மன் வைத்தியர், நினைவிழந்து இறந்த ஒரு மாதின் மூளையை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுகிய நூற்சிக்கல்களும் இருக்கக் கண்டார். வெளியே படிந்தது பீற்றா அமிலோயிட்டு என்றும், உள்ளே சிக்கியது தௌ என்னும் புரதம் என்றும் பிற்காலத்தார் தெளிந்தனர்.

இத்திரட்சியைத் தொடக்கிவைப்பது யாது? இவ்வினாவில் வைரசின் பெயர் அடிபடுவது புதிதன்று. பப்புவா நியூகினியின் போரே மக்களிடையே பரவிய கூரு என்னும் நோய், இறந்த உறவினரின் உடலை உண்ணும் ஈமச் சடங்கினாற் பரவியது. மெல்ல வேலை செய்யும் ஏதோ ஒரு வைரசே காரணம் எனப் பலர் எண்ணினர். ஸ்ரான்லி புறூசினர் அதனை மறுத்து, மடிப்புப் பிழைத்த புரதமே தன்னையொத்த நற்புரதத்தையும் பிழைபட மடிக்கின்றது என்றார். 1982 இல் அதற்குப் பிரியன் எனப் பெயரிட்டார். அன்று எள்ளியோர் பலர். 1997 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே, கூருவைப் பொறுத்தவரை வைரசு குற்றமற்றதாயிற்று.

அல்சைமர் நோயிலோ வழக்கு இன்னும் முடியவில்லை. காய்ச்சலை அடுத்து உதட்டோரத்திற் கொப்புளம் எழுப்பும் ஹேர்ப்பிசு வைரசை நம்மிற் பலர் அறிவர். அது ஒருமுறை புகுந்தால் முகத்து நரம்புமுடிச்சில் ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடக்கும். 1991 இல் மான்செஸ்ரர் நகரத்து றூத் இற்சாக்கியும் துணைவரும் முதியோர் பலரின் மூளையில் இவ்வைரசின் மரபுப்பொருளைக் கண்டனர். நோயுற்றோரிடம் மட்டுமன்றி நோயற்றோரிடமும் அது இருந்தது. 2009 இல் அமிலோயிட்டுப் படிவுகளுக்குள்ளேயே அது செறிந்திருத்தல் தெரிந்தது.

வைரசு உள்ளவிடத்திற் புரதம் திரள்வானேன்? விடைகள் இரண்டு கூறப்படுகின்றன. அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய றொபேட் மொயரும் றுடோல்ப் தான்சியும், பீற்றா அமிலோயிட்டு வெறுங் கழிவன்று, கிருமியைக் கொல்லும் ஆற்றலுடையது என 2010 இற் காட்டினர். அது ஹேர்ப்பிசு வைரசை வலைபோற் சூழ்ந்து பிணிப்பதையும், அப்புரதம் மிகுந்த எலிகள் வைரசுத் தொற்றை மற்றையவற்றினும் தாங்கி வாழ்வதையும் 2018 இல் அவர்தம் குழுவினர் வெளியிட்டனர். இதன்படி, உடல் தன்னைக் காக்க விரித்த வலையே சுருட்டப்படாது கிடந்து மூளைக்குக் கேடாகின்றது.

மற்றைய விடை 2019 இற் சுவீடனிலிருந்து வந்தது. அதனை விளக்கப் பனங்கற்கண்டு காய்ச்சும் முறையே போதும். காய்ச்சிய பாணியிலே நூலைத் தொங்கவிட்டால், பரந்து கிடந்த இனிப்பு அந்நூலைப் பற்றிக்கொண்டு கல்லாக விளைகின்றது. அவ்வாறே, உடற்றிரவத்திற் புகுந்த வைரசின் மேற்புறத்திலே புரதங்கள் போர்வைபோற் படிகின்றன. அங்ஙனம் நெருங்கிய பீற்றா அமிலோயிட்டு, தனித்து மிதக்கையில் திரள்வதிலும் விரைவாகத் திரள்கின்றது. இங்கே வைரசு செய்தது யாதுமில்லை. நூலாக நின்றது, அவ்வளவே. எமக்கு இவ்விளக்கமே எளிதாகப் படுகின்றது. ஆயினும் இரண்டும் ஒருங்கே நிகழத் தடையில்லை.

ஒருங்கே இருப்பன யாவும் காரண காரியமாகா. நலிந்த மூளையில் உறங்கிய வைரசு எளிதில் விழித்தும் இருக்கலாம். இதனைத் தீர்க்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். ஹேர்ப்பிசு வைரசை அடக்கும் மருந்தை ஆரம்பநிலை அல்சைமர் நோயாளருக்கு ஒன்றரை ஆண்டு கொடுத்த அமெரிக்கச் சோதனையில் நன்மை விளையவில்லை என 2025 இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் வேல்சு நாட்டிலிருந்து வேறொரு செய்தி வந்தது. கொப்புளிப்பான் வைரசும் ஹேர்ப்பிசுக் குடும்பத்ததே. முதுமையில் அது மீண்டெழுந்து அக்கியாகும். அங்கு 2013 செப்டெம்பர் முதலாந் திகதி அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, அன்று எண்பது வயது நிறைந்தோர்க்கு ஊசி இல்லை, நிறையாதோர்க்கு உண்டு. சில வாரங்களே மூத்தவரையும் இளையவரையும் ஏழாண்டு ஒப்பிட்டபோது, ஊசி பெற்றோரிடையே மறதிநோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தடுப்பூசி வைரசை அடக்கியதனாலா, உடற்காப்பைத் தூண்டியதனாலா என்பது இன்னும் ஆராயப்படுகின்றது. வலை விரிந்தபின் மருந்து பயனற்றதாகி, விரியுமுன் தடுப்பது பயன்படுகிறதோ என்னும் ஐயமும் எழுகின்றது.

இனி, படலையிற் கேட்ட வினா. ஐம்பது வயதிற்குட்பட்ட உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிடம் ஹேர்ப்பிசு வைரசு ஏற்கெனவே உண்டு. அவருட் பெரும்பாலார் நினைவிழப்பதில்லை. அல்சைமர் நோய் தொடுதலாலோ மூச்சாலோ உடனுறைதலாலோ ஒருவரிலிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. இதனை மகளாரிடம் கூறினோம். குடும்ப வைத்தியரும் அவ்வாறே கூறினாராம். சென்ற மாதம் யாம் மீண்டும் போனபோது, பேரன் ஆசிரியரின் கட்டிலருகே பாய் விரித்துப் படுத்திருந்தான். ஆசிரியர் எம்மை நோக்கி, "தம்பி ஆர்?" என்றார். பேரன் எமது பெயரைச் சொன்னான்.