மெயின் சுவிட்சை அணைத்தாலும் சோலார் பேனலில் மின்சாரம் இருக்கும்

வீடு திரும்பும் குடும்பங்களுக்கான பாதுகாப்புப் பாடம்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தின் பல மலைகளைச் சரித்தது. மண்சரிவு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பாடம் வேறொரு ஆபத்தைப் பற்றியது. நீங்கள் திரும்பிப் போகும் இடத்தில் பாடசாலை, தொழிற்சாலை, கடை அல்லது வீட்டுக் கூரையில் சோலார் பேனல் இருக்கலாம். அது உடைந்தோ நனைந்தோ கிடந்தால் தீயும் வரலாம், மின்சாரமும் தாக்கலாம்.

ஏன் ஆபத்து?

வீட்டில் மின் கோளாறு என்றால் முதலில் மெயின் சுவிட்சை அணைப்போம். அது நல்ல பழக்கம். ஆனால் பேனலுக்கு அது போதாது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலார் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது நினைவிருக்கலாம். அப்படி நிறுத்தும்போது நிற்பது இன்வெர்ட்டர் பெட்டி மட்டுமே. வெயில் படும்வரை பேனலிலும், பேனலிலிருந்து பெட்டிக்கு வரும் வயரிலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

கூரையில் பல பேனல்களை வரிசையாக இணைத்தால் அந்த வயரில் சில நூறு வோல்ட் இருக்கும். அது உயிரைப் பறிக்கப் போதும். இது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். வயர் அறுந்தாலோ இணைப்புத் தளர்ந்தாலோ, அந்த இடைவெளியில் தீப்பொறி விடாமல் எரியும். அந்தச் சூடு பலகையையும் கூரையின் கீழுள்ள பழைய துணியையும் பற்றவைக்கும். லயன்களில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு காம்பராவில் பிடித்த தீ அடுத்ததற்குப் போக நேரம் எடுக்காது.

தீயணைப்பு வீரருக்கும் ஆபத்து

2013 செப்டெம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு பெரிய உணவுக் களஞ்சியம் தீப்பிடித்தது. கூரையில் 7,000க்கும் மேற்பட்ட பேனல்கள் இருந்தன. மின்சாரம் தாக்கும் என்பதால் வீரர்கள் கூரையில் ஏறிப் புகையை வெளியேற்ற முடியவில்லை. கட்டடம் அழிந்தது.

அதற்கு முன்பே, 2011இல், யூ.எல். என்ற அமெரிக்கப் பரிசோதனை நிறுவனம் தீயணைப்பு வீரர்களுக்காக இதைச் சோதித்துப் பார்த்தது. அதில் தெரிந்தவை:

• எரிந்து உடைந்த பேனலிலும் மின்சாரம் இருக்கலாம்.
• இரவில் தீயணைப்பு வண்டியின் பெரிய விளக்கு வெளிச்சமே ஆபத்தான மின்சாரத்தை உண்டாக்கலாம்.
• ஒரு மடிப்பு மெல்லிய நீலத் தறப்பாள் வெளிச்சத்தை முழுதாகத் தடுக்காது. ஆகவே நிவாரணமாகக் கிடைத்த தறப்பாளைப் போட்டு மூடிவிட்டால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம்.

புல் தீயும் சோலார் பண்ணையும்

ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை மானாப்புல் காய்ந்து, மலைகள் அடிக்கடி எரிகின்றன. மொனராகலை மாவட்டத்தின் சியம்பலாண்டுவையில் 100 மெகாவாட் சோலார் பூங்காத் திட்டம் இருக்கிறது. இப்படித் தரையில் அமையும் பண்ணைகளில் வயரின் அழுத்தம் 1,000 முதல் 1,500 வோல்ட் வரை இருக்கும். புல் தீயைப் பச்சைக் கொப்பால் அடித்து அணைப்பது நம் வழக்கம். சோலார் பண்ணையின் வேலிக்குள் தீ போய்விட்டால் அதைச் செய்யாதீர்கள். உள்ளே நுழையாமல், விலகி நின்று தகவல் கொடுங்கள்.

வீடு திரும்பும் முதல் நாளில்

1. கூரையையும் சுற்றுப்புறத்தையும் தூரத்திலிருந்து பாருங்கள். விழுந்த பேனல், தொங்கும் வயர் இருந்தால் தொடாதீர்கள். பிள்ளைகள் கிட்டப் போகாதபடி கயிறு கட்டுங்கள்.
2. வெள்ளத்திலோ சேற்றிலோ நனைந்த இன்வெர்ட்டரையும் பற்றரியையும் காய்ந்துவிட்டது என்று நம்பி இயக்காதீர்கள். தொழில் தெரிந்தவர் பார்க்கட்டும்.
3. உடைந்த பேனலைக் கழற்றி விற்கவோ, கூரைத் தகடாகப் பயன்படுத்தவோ வேண்டாம்.
4. நிவாரணமாகக் கிடைத்த சிறிய சோலார் விளக்கின் பேனல் ஆளைத் தாக்கும் அளவு பலமானதல்ல. ஆனால் அதன் பற்றரி தீப்பிடிக்கலாம். வீங்கினாலோ அளவுக்கு மீறிச் சுட்டாலோ சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.
5. அமிலம் ஊற்றும் பெரிய பற்றரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். அதை அடுப்பு, சாமி விளக்கு, சாம்பிராணிக்கு அருகில் வைக்காதீர்கள். காற்றோட்டம் இருக்கட்டும்.

தீப்பிடித்தால்

• முதலில் ஆட்கள். லயனில் எல்லாக் கதவையும் தட்டி, எல்லோரையும் வெளியே கொண்டு வாருங்கள். பொருள் எடுக்க உள்ளே திரும்பாதீர்கள்.
• பேனல், வயர், இன்வெர்ட்டர் மீது வாளியால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூரையில் ஏறாதீர்கள்.
• தீயணைப்புக்கு 110, பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, மின் கோளாறுக்கு 1987.
• அழைக்கும்போதே சொல்லுங்கள்: “கூரையில் சோலார் இருக்கிறது. இன்வெர்ட்டர் இந்தப் பக்கம் இருக்கிறது. பற்றரி இருக்கிறது.” அல்லது, “பற்றரி இல்லை.” இந்தச் சில வார்த்தைகள் ஒரு வீரரின் உயிரைக் காக்கலாம்.
• நகரத்திலிருந்து தோட்டத்துக்கு வண்டி ஏறிவர நேரம் எடுக்கும். பிரதான வீதியில் தோட்டப் பாதை பிரியும் இடத்தில் ஒருவரை நிறுத்தி வழிகாட்டுங்கள். பாதையில் நிற்கும் முச்சக்கரவண்டி, விறகு, மணல் குவியலை அகற்றுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் லயனைச் சுற்றி எந்தெந்தக் கட்டடத்தில் சோலார் இருக்கிறது? அதன் இன்வெர்ட்டர் எங்கே?
2. தீ வந்தால் நடக்க முடியாத பெரியவர்களையும் கைக்குழந்தைகளையும் யார் தூக்குவது? எங்கே ஒன்றுகூடுவது?
3. மேலே உள்ள ஐந்து இலக்கங்களைப் பிள்ளைகளும் பார்க்கும்படி எந்தச் சுவரில் எழுதுவது?

இந்தப் பதில்களைத் தோட்ட நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். ஒருமுறை எல்லாம் இழந்து திரும்பி வந்திருக்கிறீர்கள். கட்டியெழுப்பும் வீடு நிலைக்கட்டும்.